பல கை கூடிய களஞ்சியம்

சிதம்பரத்தைப் பற்றி வழங்கும் பழைய கதைகளுள் பூட்டிய அறையின் கதை ஒன்று. தேவாரப் பதிகங்களில் சிலவற்றைக் கேட்டு உருகிய சோழ மன்னன், மற்றவை எங்கே என்று தேடினான். திருநாரையூரில் இருந்த நம்பியாண்டார் நம்பியிடம் போனான். தில்லைக் கோவிலில் ஓர் அறைக்குள், மூவரின் கை அடையாளத்தோடு ஏடுகள் காப்பிடப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தது. எழுதிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் காவல் இருந்தவர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டு வந்து நிறுத்திக் கதவைத் திறக்கச் செய்தான். உள்ளே கண்டது என்ன? கறையான் புற்று! எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது, எஞ்சியவை சில, மண்ணானவை பல.

உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் இந்தக் கதையைச் சொல்லுகிறது. கதை எவ்வளவு தூரம் சரித்திரம் என்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக் கொள்ளட்டும். அதில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. அந்த ஏடுகளை அழித்தவன் பகைவன் அல்லன். தீ வைத்தவர் யாரும் இல்லை. மிகவும் மதித்து, மிகவும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பத்திரமே கறையானுக்கு வாய்ப்பாக முடிந்தது.

கதையின் பின்பகுதியை நம்மில் பலர் மறந்து விடுகிறோம். ஏடுகள் கிடைத்தன, பண் எது என்று தெரியவில்லை. அதற்காக விருத்தாசலத்துக்கு அருகே உள்ள எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அவள் பாடிக் காட்டப் பண் வகுக்கப்பட்டது. அரசன் தேடினான், நம்பி தொகுத்தார், பெயர்கூட நினைவில் நில்லாத ஒரு பெண் இசையைக் கொடுத்தாள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாரும் கொண்டு வந்து கொட்டினால்தான் களஞ்சியம் நிறையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவதும் அப்படிப்பட்ட ஒரு களஞ்சியத்தின் சரித்திரந்தான்.

தில்லைக் கோவிலிலிருந்து கிழக்கே நடந்து ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலை நகர் வந்துவிடும். கோவில் ஊருக்கு வயது சொல்ல முடியாது; இந்த ஊருக்குச் சொல்லலாம். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதன் அருகே எழுந்த தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ. வே. சாமிநாதையர் தலைவராக இருந்தார். 1929-இல் இவையெல்லாம் சேர்ந்து பல்கலைக் கழகமாயின. கொள்ளிடத்துக்கு வடக்கே, வயலும் வாய்க்காலுமாகக் கிடந்த நிலத்தில் ஒரு வித்தியாநகரம் எழுந்தது.

அந்தப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் வந்தவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். அதோடு லண்டன் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். கொழும்பில் ரசாயனம் கற்பித்தவர். காவியுடை உடுத்த துறவி. சோதனைக் குழாயையும் சங்க நூலையும் ஒரே கையால் பிடித்த அவரைப் போன்றவர்கள் அந்த நாளில் வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அவருக்கு ஒரு கவலை இருந்தது. தமிழில் இல்லாதது கவிதை அன்று. விஞ்ஞானத்தைச் சொல்லும் சொல். சொல் இல்லாமல் பாடம் இல்லை. பாடம் இல்லாமல் நூல் இல்லை. நூல் இல்லாமல் களஞ்சியம் ஏது? 1936-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். பல துறை வல்லுநர்களும் தமிழறிஞர்களும் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் வாதாடினார்கள். 1938-இல் அந்தச் சொற்கள் நூலாக வந்தன. இன்று பள்ளிப் பிள்ளை சர்வ சாதாரணமாகச் சொல்லும் எத்தனையோ விஞ்ஞானச் சொற்களுக்குப் பின்னே இப்படிப் பல நாள் வாதம் இருக்கிறது.

இதற்கு முன்பு தமிழில் களஞ்சியமே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அது தனி மனிதர்களின் தவமாக இருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாய் முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த சிங்காரவேலு முதலியார் அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். புராணம், இலக்கியம், மன்னர், முனிவர், ஊர், மருந்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிக்கொண்டே போனார். ஆண்டுகள் ஓடின. பொருளுதவி வேண்டிப் பலரை நாடினார். கை நீட்டியவர் இல்லை. கடைசியில் பாண்டித்துரைத் தேவர் முன்வர, மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக 1910-இல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூல் வெளிவந்தது. அதற்குப் பிறகும் முதலியார் ஓயவில்லை. திருத்திக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருந்தார். 1931-இல் அவர் காலமானார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1934-இல்தான் வெளிவந்தது. ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை.

ஒரு மனிதன் ஒரு மொழியின் அறிவையெல்லாம் தோளில் சுமந்தால் இதுதான் நடக்கும். வணங்கத்தக்க காரியம், ஆனால் அவன் வாழ்நாள் முடிகிற இடத்தில் நூலும் நின்றுவிடும்.

பிரான்சு தேசத்தில் திதரோ இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். 1751 முதல் 1772 வரை வெளிவந்த அவருடைய 28 தொகுதிகளில் தத்துவ ஞானிகள் எழுதினார்கள். தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தொழில்களைப் பற்றியும் எழுதினார்கள். ஆனாலும் அங்கேயும் ஒரு சுமைதாங்கி இருந்தார். ஜோக்கூர் என்ற பிரபு ஒருவரே ஏறக்குறைய 17,000 கட்டுரைகளை எழுதினார். திதரோவின் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஜோக்கூரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? களஞ்சியத்தில் உழைப்பவர்களின் தலையெழுத்து அது.

நம் நாட்டில் பல கை கூடும் முதல் பெரு முயற்சி, சுதந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1947-இல் கலைக்களஞ்சியத் திட்டம் உருவாயிற்று. அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் பெ. தூரன். கவிஞர், கீர்த்தனங்கள் இயற்றியவர், கதைகள் எழுதியவர். அப்படிப்பட்டவர் தம் சொந்தப் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இருபது வருஷ காலம் பிறர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தொகுதி 1954-இல் வந்தது, ஒன்பதாவது 1963-இல், பத்தாவது 1968-இல். தொகுதி ஒன்றுக்கு ஏறக்குறைய 750 பக்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர்கள் எழுதினார்கள். அந்தக் களஞ்சியம் உருவான கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இந்திய மொழிகளுக்கெல்லாம் முன்மாதிரியான காரியம் அது. ஆனால் அச்சுக்கு ஒரு விதி உண்டு. மை உலர்ந்த பிறகு அது மாறாது, உலகம் மாறும். முதல் தொகுதி வந்த 1954-இல் மொழிவழி மாநிலங்கள் பிரியவில்லை, 1956-இல் பிரிந்தன. பத்தாம் தொகுதி வந்தபோது சந்திரனில் மனிதன் கால் வைக்கவில்லை. மறு வருஷமே வைத்தான். சென்னை ராஜ்யம் என்ற பெயரும் அதே 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று. அந்தத் தொகுதிகள் அச்சான நாளில் சிதம்பரம் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1993-இல் அந்த ஜில்லாவே இரண்டாகப் பிரிந்து கடலூர் மாவட்டம் பிறந்தது. இதையெல்லாம் யார் திருத்துவது? மறுபடியும் இருபது வருஷம், மறுபடியும் ஒரு தூரன் வேண்டும். செலவுக்கு மறுபடியும் பல லட்சம் வேண்டும். ஆங்கிலத்தின் பெருமைக்குரிய பிரிட்டானிக்காவே 244 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல், இனி அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

இனி இந்த நூற்றாண்டுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர், இணையத்தில் இலவசக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு நூபீடியா என்று பெயர். அறிஞர்கள் எழுத வேண்டும். ஏழு படிகளில் பரிசீலனை நடக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கட்டுரைகள்தான் வரவில்லை! முடிந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. 2001 ஜனவரி 15-ஆம் தேதி, பரிசீலனைக்கு முந்திய வரைவுகளை யாரும் வந்து எழுதட்டும் என்று பக்கத்திலேயே ஒரு திண்ணையைத் திறந்து விட்டார்கள். வீட்டைவிடத் திண்ணை பெரிதாகிவிட்டது. நூபீடியா மறைந்தது, திண்ணை விக்கிப்பீடியா என்ற பெயரில் உலகத்தையே வளைத்துக்கொண்டது.

தமிழுக்கு அந்தத் திண்ணை 2003 செப்டம்பர் மாதம் 30-ஆம் தேதி திறந்தது. திறந்தது என்றால் இடம் இருந்தது, அவ்வளவுதான். பொத்தான்களில் எல்லாம் ஆங்கிலம். அதைத் தமிழாக்கியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர், வளைகுடா நாட்டில் வேலையாக இருந்தவர். பகலில் பிழைப்பு, இரவில் தமிழ் என்று அவர் தன்னந்தனியாக எழுதத் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், கனடா என்று எங்கெங்கோ இருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மயூரநாதன் எழுதிய கட்டுரைகள் ஆயிரக் கணக்கில் ஆயின. 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கிக் கனடாத் தமிழர்கள் பெருமைப்பட்டார்கள். இப்படிச் சேர்ந்த கட்டுரைகள் 2017-இல் ஒரு லட்சத்தை எட்டின. பிறகு ஒன்றரை லட்சத்தையும் தாண்டின.

முதல் பேராசிரியரும் கடல் கடந்து வந்தவர். முதல் விக்கிப்பீடியரும் கடலுக்கு அப்பால் பிறந்தவர். அபிதான கோசமும் அங்கிருந்துதான் வந்தது. தமிழுக்குக் களஞ்சியம் கட்டும் கவலை அக்கரையில் சற்று முன்னதாகவே விழித்துக் கொள்ளும் போலும்!

சரி, இதில் எழுதக் கற்றுக்கொள்வது எப்படி? இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று கைக்கு, மற்றொன்று மனத்துக்கு.

கைக்கு உரியது எளிது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘தொகு’ என்ற சொல் இருக்கிறது. அதைத் தொட்டால் பக்கம் திறந்து கொள்ளும். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திச் சேமித்தால் போதும். நீங்கள் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களுள் ஒருவர். எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் ‘அ’ எழுதிப் பழகியவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம். பொது விஷயங்களைப் பேச ‘ஆலமரத்தடி’. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாறு. எந்த எழுத்தை யார், எந்த நிமிஷம் மாற்றினார் என்பது அதில் பதிவாகியிருக்கும். தவறான மாற்றத்தை ஒரே தொடுதலில் பழையபடி ஆக்கிவிடலாம். தில்லையின் ஏடுகளுக்கு இப்படி ஒரு வரலாற்றுப் பக்கம் இருந்திருந்தால்!

மனத்துக்கு உரியதுதான் கடினம். அதிலும் எங்களைப் போன்ற கதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் கடினம்.

பரங்கிப்பேட்டையை எடுத்துக் கொள்வோம். அண்ணாமலை நகருக்கு அருகேதான் இருக்கிறது. ஒரு நாவலாசிரியன் எழுதினால் எப்படித் தொடங்குவான்? வெள்ளாறு கடலோடு கலக்கும் அழகு, அந்தி வெயில், மீன் படகு, பழைய மசூதியின் நிழல், ஒரு பெருமூச்சு. களஞ்சியத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ஊர் எங்கே இருக்கிறது? ஒருவர் அதை எழுதுகிறார். 1781 ஜூலை முதல் தேதி ஐதர் அலிக்கும் அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயருக்கும் அங்கே போர் நடந்தது. சரித்திரம் படித்த மாணவர் ஒருவர் அதைச் சேர்க்கிறார். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு உருக்காலை நடத்தினார். தொழில் நுட்பம் தெரிந்த ஒருவருக்கு அது நினைவு வருகிறது. பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது. அங்கே படித்த பெண் ஒருத்தி நண்டையும் இறாலையும் பற்றி நாலு வாக்கியம் எழுதுகிறாள். கடைசியாக ஒருவர் வந்து, ‘மிகச் சிறந்த’, ‘உலகப் புகழ் வாய்ந்த’ என்ற அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, ஒற்றுப் பிழை திருத்திவிட்டுப் போகிறார். இந்த ஐவரில் யார் ஆசிரியர்? யாரும் இல்லை, எல்லாரும்.

அடைமொழியை அடித்தவர்மேல் நமக்குக் கோபம் வரும். நம் ஊரைப் புகழ்ந்தால் இவருக்கு என்ன? ஆனால் அவர் கேட்கும் கேள்வி நியாயமானது: ‘மிகச் சிறந்தது என்று சொன்னது யார்? எந்த நூலில்?’ நமக்குத் தெரியும் என்பது அங்கே செல்லாது. பாட்டி சொன்னாள் என்பதும் செல்லாது. அச்சான, நம்பத்தக்க ஒரு சான்றைக் காட்ட வேண்டும். சான்று இல்லாத வாக்கியத்தின் தோளில் ‘சான்று தேவை’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவார்கள். சொந்த ஆராய்ச்சியும் கூடாது. சொந்த அபிப்பிராயமும் கூடாது. இரண்டு கட்சி இருந்தால் இரண்டையும் சொல்ல வேண்டும். தமிழனுக்கு உணர்ச்சி மிகுதி என்பார்கள். உணர்ச்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவது நமக்கு ஒரு புதிய ஆசாரம். கற்றுக்கொள்ள வேண்டிய ஆசாரம்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை. எருக்கத்தம்புலியூர்ப் பெண் பாடிக் காட்டிய பண்ணுக்கு அச்சான சான்று எது? ஒரு கிராமத்துக் குயவருக்குத் தெரிந்த மண் பக்குவத்துக்கும், ஒரு மருத்துவச்சிக்குத் தெரிந்த மூலிகைக்கும் புத்தகம் எங்கே? ஆங்கிலேயர்கள் எதைப் பற்றி எழுதினாலும் மேற்கோளுக்கு நூல் இருக்கிறது. நம் வாழ்வில் பாதி ஏடேறாத வாழ்வு. சான்று கேட்கும் விதி சரியானதுதான். ஆனால் அந்த விதி, சான்றுகளை உண்டாக்கும் கடமையையும் நம்மிடம் ஒப்படைக்கிறது. ஊர் வரலாறு எழுத வேண்டும். வட்டார வழக்கைத் தொகுக்க வேண்டும். பழைய நூல்களை மறு பதிப்புச் செய்ய வேண்டும். களஞ்சியம் நெல்லைச் சேர்த்து வைக்கும். விளைவிக்க வயல் வேண்டும் அல்லவா?

யாரும் திருத்தலாம் என்றால் யாரும் கெடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் யாரோ விளையாட்டாக ஒரு பெரும் பழியை எழுதிவிட்டார்கள். நாலு மாத காலம் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு கண்ணியமான முதியவரின் பெயர் அப்படிக் கிடந்தது. அதே ஆண்டில் நேச்சர் என்ற விஞ்ஞானப் பத்திரிகை 42 விஞ்ஞானக் கட்டுரைகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. கட்டுரைக்குச் சராசரி பிரிட்டானிக்காவில் மூன்று பிழை, விக்கிப்பீடியாவில் நான்கு. இரண்டு செய்தியும் உண்மை. காவல் பலமாக இருக்கும் பக்கம் நன்றாக இருக்கும். ஒருவரும் எட்டிப் பார்க்காத பக்கத்தில் களை முளைக்கும்.

தமிழுக்கு வந்த சோதனை வேறு விதமானது. 2009-ஐ ஒட்டிக் கூகுள் நிறுவனம், கூலிக்கு ஆள் வைத்து, இயந்திரத்தின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் சேர்த்தது. நீளமான கட்டுரைகள், ஏராளமான கட்டுரைகள். எண்ணிக்கை ஏறிற்று. ஆனால் வாசித்தவர்களுக்குத் தலை சுற்றிற்று. சொற்கள் தமிழ், வாக்கியம் தமிழ் அன்று. எடுத்துக்கொண்ட தலைப்புகளும் தமிழ் வாசகர் தேடுகிற தலைப்புகள் அல்ல. சம்பளம் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்த கையளவு தொண்டர்கள், உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்றிடம், ‘எங்களுக்கு எண்ணிக்கை முக்கியம் அல்ல, மொழி முக்கியம்’ என்று எடுத்துச் சொன்னார்கள். 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமீடியா மாநாட்டிலும் இதைப் பேசினார்கள். ஓசையில்லாமல் நடந்த இந்தக் காரியத்தைத் தமிழ் மொழியின் சரித்திரத்தில் ஒரு பத்தியாவது எழுத வேண்டும் என்பது என் எண்ணம். இன்று நொடியில் மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் எல்லார் கையிலும் வந்துவிட்டன. ஆகவே அந்தப் பத்தி இப்போது இன்னும் அவசியம்.

உள் வீட்டுச் சண்டைகளும் உண்டு. தமிழ்நாட்டில் இயற்பியல் என்பதை இலங்கையில் பௌதிகவியல் என்பார்கள். இங்கே வேதியியல், அங்கே இரசாயனவியல். கிரந்த எழுத்தை ஆளலாமா, கூடாதா? ‘ஜ’ வேண்டுமா, வேண்டாமா? ஆலமரத்தடியில் இதற்காக எத்தனை இரவுகள் விழித்திருக்கிறார்கள்! வெளியில் நின்று பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் 1936-இல் விபுலாநந்தர் தலைமையில் நடந்த வாதமும் இதே வாதந்தான். வேற்றுமை ஒன்று: அன்று சில டஜன் அறிஞர்கள் ஓர் அறையில் கூடினார்கள்; இன்று இரண்டு நாட்டுத் தமிழர்களும் பல நாட்டுத் தமிழர்களும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சொல்லைத் தலைப்பாக வைத்து, மற்றவர் சொல்லைத் தேடி வருபவரும் அங்கே வந்து சேரும்படி ஒரு வழிமாற்று வைத்துவிட்டு, சமாதானமாகப் போகிறார்கள். இரண்டு கரையும் நாள்தோறும் உட்கார்ந்து பேசும் வேறு சபை ஒன்று நமக்கு எங்கே இருக்கிறது?

அரசாங்கமும் சில சமயம் கை கொடுத்தது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி அளித்தார்கள். அவர்கள் தங்கள் ஊரைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும் எழுதினார்கள். போட்டி முடிந்ததும் சிலர் போய்விட்டார்கள், சிலர் தங்கிவிட்டார்கள். தங்கிய சிலரால்தான் எந்த இயக்கமும் நடக்கிறது.

அண்ணாமலை நகரில் ஆயிரக் கணக்கான இளைஞர்கள் படிக்கிறார்கள். பொறியியலும் மருத்துவமும் வேளாண்மையும் கடலியலும் மொழியியலும் இசையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழிசைக்காக 1941-இல் மாநாடு கூடிய மண் அது. அங்கே ஒரு பையனோ பெண்ணோ பரீட்சைக்காகப் படித்த விஷயத்தில் பத்து வரியைத் தன் தம்பி தங்கைக்குப் புரியும் தமிழில் எழுதி வைத்தால், அது பரீட்சை முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். ஏதோ ஒரு கிராமத்தில், தாய்மொழியில் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு சிறுமி, தன் தாய்க்கு வந்த நோயின் பெயரைத் தமிழில் தேடிப் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பக்கம் காலியாக இருந்தால், அந்தச் சிறுமி ‘இதை இன்னும் யாரும் எழுதவில்லை’ என்று நினைக்க மாட்டாள்; ‘என் மொழியில் இது இல்லை’ என்று நினைப்பாள். அப்படி நினைத்த குழந்தை அந்த மொழியை விட்டு ஓர் அடி விலகிவிடுகிறது. மொழிகள் அப்படித்தான், ஓர் அடி ஓர் அடியாக இறக்கின்றன.

பெயர் வருமா என்று கேட்காதீர்கள். வராது. வரலாற்றுப் பக்கத்தின் அடியில், யாரும் புரட்டாத ஓர் இடத்தில், ஒரு வரியாகக் கிடக்கும். தூரனுடைய கீர்த்தனங்களைப் பாடுகிறவர்கள் பலர். அவர் திருத்திய கட்டுரைகளை நினைக்கிறவர்கள் சிலர். சிங்காரவேலு முதலியார் தம் இரண்டாம் பதிப்பைப் பார்க்கவில்லை. பண் சொன்ன பெண்ணின் பெயர் நம் நாவில் இல்லை. ஆனால் பண் இருக்கிறது, இன்றும் பாடுகிறார்கள்.

இப்போது அறைக்குப் பூட்டு இல்லை. காவலுக்கு ஆள் இல்லை. மூவரும் வந்தால்தான் திறக்கும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் கறையான் இன்னும் இருக்கிறது. பூட்டிய ஏட்டை அது தின்றது. எழுதாத ஏட்டையும் தின்னும். அதற்கு எண்ணெய் சொரிய மன்னன் வர மாட்டான். நாம்தான் ஆளுக்கு ஒரு கரண்டி கொண்டு போக வேண்டும்.